இரவுதோறும் எரிக்கப்படும் பெண்கள்

அது ஓர் அக்டோபர் மாத இரவு. எடின்பரோ பழைய நகரத்தில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டியிருக்கும் மெர்காட் கிராஸ் அருகே இருபது பேர் கூடியிருந்தோம். வழிகாட்டி ஓர் இளைஞர். கறுப்பு அங்கி, கையில் விளக்கு, நாடக மேடையில் பழகிய குரல். பேய் உலா தொடங்குமுன் இந்த நகரம் குற்றவாளிகளை எப்படித் தண்டித்தது என்று காட்டப்போவதாகச் சொன்னார். அதற்கு ஓர் ஆள் தேவை என்று கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பத்தொன்பது வயது இருக்கக்கூடிய ஒரு மாணவியைக் கையைப் பிடித்து நடுவே நிறுத்தினார். பிறகு 'பிராங்க்ஸ்' பற்றி விளக்கினார். தலையைச் சுற்றி இரும்புச் சட்டம். வாய்க்குள் நுழைந்து நாக்கை அழுத்தும் ஒரு தகடு. வாயாடிப் பெண்களுக்கு என்று இந்த நகரம் வைத்திருந்த வாய்ப்பூட்டு. "இங்கே இருக்கும் கணவர்களில் யாருக்காவது ஒன்று வேண்டுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள், ஒருத்தி தூக்கிலிடப்பட்டு எழுந்து வந்தாள், ஒரு சிறுமி பொம்மையைத் தேடி அழுதாள். கடைசியில் பாலத்துக்கு அடியில் இருக்கும் ஒரு நிலவறையில் விளக்கு அணைந்தது. யாரோ என் முதுகுக்குப் பின்னால் கத்தினார்கள். நானும் கத்தினேன். வெளியே வந்ததும் மதுக்கடைக்கான சலுகைச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள்.

பேய் என்றாலே பெண் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே அந்த இரவில் வந்துபோன பேய்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தது எனக்கு அப்போது வியப்பாக இல்லை. அறைக்குத் திரும்பிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த நகரத்தில் நான் பார்த்த பகல்நேர நினைவுச் சின்னங்களில் பெண்கள் ஏறத்தாழ இல்லை. தத்துவவாதிகள், கவிஞர்கள், தளபதிகள், பொறியாளர்கள் என்று ஆண்கள் கல்லிலும் வெண்கலத்திலும் நிற்கிறார்கள். கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற நாய்க்குச் சிலை இருக்கிறது. போலந்துப் படையுடன் இருந்த வோய்டெக் என்ற கரடிக்கு பிரின்சஸ் தெருப் பூங்காவில் சிலை இருக்கிறது. பெண்களோ இரவில் வருகிறார்கள், டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும். இந்தப் பங்கீட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை. அதற்குப் பிறகு நான் அந்நகரில் வேறு சில உலாக்களிலும் நடந்தேன். தனி ஒரு நிறுவனத்தையோ, மழையிலும் குளிரிலும் கூலிக்குக் கதை சொல்லும் வழிகாட்டிகளையோ குறைசொல்வது என் நோக்கமில்லை. பேய் உலா என்பது இன்று ஒரு கதை வடிவம். ஒரு நாவலையோ திரைப்படத்தையோ வாசிப்பதைப்போல அதையும் வாசிக்க வேண்டும்.

இந்த வடிவத்துக்கு எடின்பரோ வாகான ஊர். கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் ஒரே முகடு. அதன் இருபுறமும் 'க்ளோஸ்' எனப்படும் குறுகிய சந்துகள். மாடிமேல் மாடியாக நெருக்கிக் கட்டிய வீடுகள். 1767இல் புதிய நகரத்துக்கான திட்டம் வந்தபின் வசதியுள்ளவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். பழைய நகரம் மெல்ல மெல்ல ஏழைகளின் இடமாயிற்று. 1788இல் திறக்கப்பட்ட சவுத் பிரிட்ஜ் பாலத்தின் வளைவுகளுக்குள் முதலில் பட்டறைகளும் கிடங்குகளும் இருந்தன. ஈரம் கசியத் தொடங்கியதும் வணிகர்கள் வெளியேற, போக்கிடமில்லாதவர்கள் உள்ளே வந்தார்கள். இன்று நாம் 'பேய் நிலவறை' என்று பணம் கட்டி நுழையும் இடம், ஜன்னலும் தண்ணீரும் இல்லாமல் குடும்பங்கள் வாழ்ந்த இடம். 2001இல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் அவரது குழுவும் தன்னார்வலர்களை இந்த அறைகளில் இருக்கச் செய்து ஆராய்ந்தார்கள். பேய் நடமாட்டம் என்று பெயர்பெற்ற அறைகளில்தான் அதிகம் பேர் விநோத உணர்வுகளைச் சொன்னார்கள். அந்த உணர்வுகளுக்கு அறையின் அளவோடும் வெளிச்சத்தோடும் தொடர்பிருந்தது. அதாவது நடுக்கம் பொய்யில்லை. அது கட்டடம் உடலுக்குத் தரும் நடுக்கம். அங்கே குடியிருந்தவர்களுக்கு அதற்குப் பெயர் பேய் அல்ல, வீடு.

காசில்ஹில்லில் இருந்து தொடங்குகிறேன். கோட்டை வாசலுக்கு முன்னால் உள்ள இந்தச் சரிவில் சூனியக்காரிகளை எரித்தார்கள் என்று எல்லா உலாக்களும் சொல்கின்றன. அது உண்மை. ஆனால் 'எரித்தார்கள்' என்ற வினைச்சொல்லுக்கு எழுவாய் யார் என்று கேட்டால் பதில் வராது. "அந்தக் காலத்து மூடநம்பிக்கை" என்று கையை விரித்துவிட்டு அடுத்த சந்துக்குப் போய்விடுகிறார்கள்.

எழுவாய் உண்டு. 1563இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சூனியச் சட்டம் அது. 1736இல்தான் நீக்கப்பட்டது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்த ஸ்காட்லாந்துச் சூனிய வழக்குக் கணக்கெடுப்பின்படி, அந்த 173 ஆண்டுகளில் 3,837 பேர் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் பெண்கள். சுமார் 2,500 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. வெறிகொண்ட கும்பல் நள்ளிரவில் செய்ததல்ல இது. ஊர்த் தேவாலயக் குழு விசாரித்தது. விசாரணை மன்றம் அமைக்க அரசு ஆணை கொடுத்தது. நீதிபதி இருந்தார், எழுத்தர் இருந்தார், சாட்சிகள் இருந்தார்கள். தூங்கவிடாமல் நாள்கணக்கில் விழித்திருக்கச் செய்வதும், சாத்தானின் அடையாளத்தைத் தேடி உடலெங்கும் ஊசி குத்துவதும் விசாரணை முறைகள். பெரும்பாலோரைக் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகே எரித்தார்கள்.

கணக்கும் எழுதி வைத்தார்கள். ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையில் உள்ள கிர்க்கால்டியில் 1633இல் அலிசன் டிக் என்ற பெண்ணும் அவரது கணவர் வில்லியம் கோக்கும் எரிக்கப்பட்டதற்கான செலவுப் பட்டியல் எஞ்சியிருக்கிறது. பத்துச் சுமை நிலக்கரி. ஒரு தார்ப் பீப்பாய். தூக்குக்கயிறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. எந்த நிலவறை இருட்டும் எனக்குத் தராத அச்சத்தை இந்தப் பட்டியல் தந்தது. நிலக்கரி விற்றவருக்குப் பணம் கொடுத்து, ரசீதுபோல் எழுதிவைத்து, தேவாலயமும் நகரமும் செலவைப் பங்கிட்டுக்கொண்ட ஒரு கொலை. இதைப் பேய்க்கதையாக்க முடியாது. பேய்க்கதைக்கு மர்மம் வேண்டும். இங்கே மர்மமே இல்லை.

ஆக்னஸ் சாம்ப்சன் என்ற பெயரைச் சில உலாக்கள் சொல்கின்றன. ஈஸ்ட் லோதியனைச் சேர்ந்த மருத்துவச்சி அவர். பிரசவம் பார்ப்பவர், நோய் தீர்ப்பவர். 1590இல் டென்மார்க்கிலிருந்து மணமகளுடன் திரும்பிய மன்னர் ஆறாம் ஜேம்ஸின் கப்பல்கள் புயலில் சிக்கின. அந்தப் புயலை ஏவியவர்களைத் தேடும் வேட்டை தொடங்கியது. டிரனென்ட் என்ற ஊரில் கெய்லிஸ் டங்கன் என்ற வேலைக்காரப் பெண் இரவில் வெளியே போய் நோயாளிகளைக் குணப்படுத்துகிறார் என்று அவருடைய எசமானருக்குச் சந்தேகம். விரல்களை நசுக்கும் கருவியைக்கொண்டு அவரே விசாரித்தார். வலி பொறுக்காத கெய்லிஸ் சொன்ன பெயர்களில் ஒன்று ஆக்னஸ். அவரை ஹோலிரூட்டில் மன்னரே நேரில் விசாரித்தார். முதலில் எல்லாவற்றையும் மறுத்தார் ஆக்னஸ். உடல் மயிரை மழித்தார்கள், தலையைக் கயிற்றால் முறுக்கினார்கள், தூங்கவிடவில்லை. பிறகு ஒப்புக்கொண்டார். 1591 ஜனவரியில் காசில்ஹில்லில் கொல்லப்பட்டார்.

உலாவில் இந்தக் கதை சாத்தானோடு நடந்த கடற்கரை நடனமாகச் சொல்லப்படுகிறது. அந்த நடனம் எங்கிருந்து வந்தது? சித்திரவதையில் பெறப்பட்ட வாக்குமூலத்திலிருந்தும், அதை வைத்து 1591இல் அச்சான பிரசுரத்திலிருந்தும் வந்தது. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் கேட்பது அரசுத் தரப்பின் கதையைத்தான், கொஞ்சம் நகைச்சுவை சேர்த்து. ஒரு வேலைக்காரப் பெண் இரவில் வெளியே போனதற்கு எசமானர் கொடுத்த விளக்கம் இன்றும் டிக்கெட்டுக்கு விற்கிறது. இன்னொரு செய்தியை எந்த உலாவிலும் நான் கேட்கவில்லை. குற்ற வழக்குகளில் பொதுவாகப் பெண்ணின் சாட்சியத்தை ஏற்காத ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள், 1591இல் சூனிய வழக்குகளுக்கு மட்டும் விலக்கு அளித்தன. ஒரு பெண்ணைக் கொல்ல உதவும்போது இன்னொரு பெண்ணின் சொல் சொல்லாயிற்று.

அதே காசில்ஹில்லில் 1537இல் எரிக்கப்பட்டவர் கிளாமிஸ் சீமாட்டி ஜேனட் டக்ளஸ். அவரையும் சூனியக்காரி வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். சாம்பல் நிற உடையில் திரியும் ஆவி என்றும் சொல்கிறார்கள். அவர்மீது சுமத்தப்பட்டது சூனியம் அல்ல, ராஜத்துரோகம். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்கு நஞ்சு வைக்கச் சதி செய்தார், நாடு கடத்தப்பட்ட தம் சகோதரர்களோடு தொடர்பு வைத்திருந்தார் என்பது வழக்கு. டக்ளஸ் குடும்பத்தின் மீது மன்னருக்கு இருந்த பகை ஊரறிந்தது. சூனியச் சட்டம் வருவதற்கு 26 ஆண்டுகள் முன்பே நடந்த ஓர் அரசியல் கொலை இது. 'சூனியக்காரி' என்று ஒரு சொல் போட்டுவிட்டால் மன்னரும் நிலமும் குடும்பப் பகையும் காணாமல் போய்விடுகின்றன. எரியும் பெண்ணுடல் மட்டும் மிஞ்சுகிறது.

காசில்ஹில்லுக்குக் கீழே இறங்கினால் கிராஸ்மார்க்கெட். தூக்குமேடை இருந்த சதுக்கம். இங்கே மேகி டிக்சனின் கதை நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. 1724 செப்டம்பர் 2ஆம் நாள் தூக்கிலிடப்பட்டவர். சவப்பெட்டியில் ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் உயிரோடு எழுந்தவர். 'பாதி தூக்கிலிடப்பட்ட மேகி' என்று பட்டப்பெயர். அவர் பெயரில் அங்கே ஒரு மதுக்கடை இருக்கிறது. தண்டனை நிறைவேறிவிட்டதால் மறுபடி தூக்கிலிட முடியவில்லை என்ற இடத்தில் வழிகாட்டி நிறுத்துவார், கைதட்டல் கிடைக்கும்.

எதற்காகத் தூக்கு? நான் கேட்ட இரண்டு உலாக்களில் இதை ஒரே வரியில் கடந்தார்கள்: "குழந்தையைக் கொன்றாள்." வழக்கு அப்படியில்லை. மசல்பரோவில் மீன் விற்று வாழ்ந்த பெண் மேகி. கணவர் உடன் இல்லை. கெல்சோவில் ஒரு விடுதியில் வேலை பார்த்தபோது கருவுற்றார், மறைத்தார். பிறந்த குழந்தை இறந்துபோயிற்று. உடல் ட்வீட் ஆற்றங்கரையில் கிடைத்தது. 1690ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது இது: ஒரு பெண் கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்தில் யாருடைய உதவியையும் கேட்காமல் இருந்து, குழந்தை இறந்தோ காணாமலோ போனால் அவள் கொலைகாரியாகவே கருதப்படுவாள். கொன்றதை நிரூபிக்க வேண்டியதில்லை. மறைத்ததே குற்றம். வேலை போய்விடும், தேவாலயத்தில் ஊர் முன்னால் பாவம் செய்தவளாக நிற்க வேண்டிவரும் என்று பயந்து ஒரு பெண் வாய் மூடினால், அந்த மௌனமே அவளுக்கு எதிரான சாட்சி. 1809 வரை இச்சட்டம் இருந்தது. அதன் பிறகு மரண தண்டனை போய், அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை என்றானது.

வாயாடினால் பிராங்க்ஸ். வாயை மூடிக்கொண்டால் தூக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் எவ்வளவு பேசலாம் என்பதை இந்த நகரத்தின் சட்டம்தான் முடிவு செய்தது. ஒரே உலாவில் சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கதைகளும் சொல்லப்படுகின்றன, இரண்டுக்கும் சிரிக்கிறோம். இணைத்துப் பார்க்க யாரும் நேரம் தருவதில்லை. கருவைச் சுமந்த பெண்ணின்மீது சந்தேகத்தை ஏற்றும் சட்டங்கள் உலகில் இன்னும் முடிந்துபோகாத காலத்தில் மேகியின் கதை வெறும் வேடிக்கையாக மிஞ்சுவது எனக்கு உறுத்துகிறது.

கிராஸ்மார்க்கெட்டின் மேற்கு முனையில் வெஸ்ட் போர்ட். 1828இல் வில்லியம் பர்க்கும் வில்லியம் ஹேரும் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸிடம் விற்ற இடம். உலாக்களில் இவர்கள் கதாநாயகர்கள். அவர்களைப்போலக் குரல் மாற்றிப் பேசுவார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏழைகள், தங்க இடம் தேடி வந்தவர்கள். மேரி பேட்டர்சன் என்ற இளம்பெண்ணின் கதை மட்டும் சற்று நீளமாகச் சொல்லப்படும். காரணம், அழகான உடல், வீழ்ந்த பெண், மேசைமேல் அவரைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்ட மாணவர் என்ற கிளுகிளுப்பு. இறந்த பின்பும் அவர் பார்க்கப்படும் பொருளாகவே இருக்கிறார்.

மார்கரெட் டோகர்ட்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அயர்லாந்திலிருந்து மகனைத் தேடி வந்த முதிய பெண். தானும் அதே நாட்டவன் என்று உறவு கொண்டாடி பர்க் அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றான். 1828 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு, அவர் கொல்லப்பட்டார். இன்று பேய் உலாக்களுக்கு ஆண்டிலேயே அதிகக் கூட்டம் வரும் இரவு அது. மறுநாள் வைக்கோலுக்கு அடியில் உடலைக் கண்டுபிடித்தவர்கள் அந்த வீட்டில் தங்கியிருந்த ஆன் கிரேயும் அவர் கணவர் ஜேம்ஸும். வாயை மூடிக்கொண்டால் வாரம் பத்து பவுண்டு தருவதாகப் பேரம் பேசப்பட்டது. சோற்றுக்கே வழியில்லாத அந்த இருவரும் மறுத்துவிட்டுக் காவலர்களிடம் போனார்கள். கொலைகள் நின்றதற்குக் காரணம் அவர்கள். பர்க்கின் எலும்புக்கூடு பல்கலைக்கழக உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆன் கிரேயின் பெயரை நான் உலாவில் கேட்கவில்லை, புத்தகத்தில்தான் படித்தேன். உயிரோடு இருந்து, வாயைத் திறந்து, கொலையை நிறுத்திய பெண்ணுக்குப் பேய்க்கதையில் இடமில்லை. அங்கே இடம் கிடைக்க முதலில் செத்திருக்க வேண்டும்.

மேரி கிங்ஸ் க்ளோஸ் இதற்கு இன்னொரு கோணம் தருகிறது. இன்று நகரமன்றக் கட்டடத்துக்கு அடியில் புதைந்திருக்கும் சந்து. 1753இல் தொடங்கிய ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டுமானத்துக்காக மேல்பகுதி இடிக்கப்பட்டு, கீழ்ப்பகுதி அடித்தளமாயிற்று. பிளேக் நோயாளிகளை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பினார்கள் என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டது, அதற்கு ஆதாரமில்லை. அந்தச் சந்தின் பெயருக்கு உரியவரான மேரி கிங் 1630களில் அங்கே குடிவந்த விதவை. துணி வணிகம் செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். 1644இல் இறந்தார். அக்காலத்தில் ஒரு பெண்ணின் பெயரால் ஒரு சந்து அழைக்கப்படுவது சாதாரணமில்லை. எப்படிக் கடன் வாங்கினார், யாரிடம் துணி வாங்கினார், ஆண்களின் சந்தையில் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று கேட்கத் தோன்றும் வாழ்க்கை அது.

ஆனால் பலரும் அங்கே தேடிப் போவது ஆன்னியை. 1992இல் படப்பிடிப்புக்காக வந்த ஜப்பானிய ஆவியுலக ஊடகர் ஒருவர், ஓர் அறையில் பொம்மையைத் தொலைத்த சிறுமியின் துயரத்தை உணர்ந்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து பார்வையாளர்கள் அங்கே பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். குவியலைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த இரக்கத்தைக் கேலி செய்யமாட்டேன். பிளேக்கில் எத்தனையோ குழந்தைகள் இறந்தது உண்மைதானே. ஆனாலும் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். வரலாற்றில் வாழ்ந்து, சம்பாதித்து, பெயரை விட்டுச்சென்ற பெண் பின்னணிக்குப் போகிறார். 1992இல் பிறந்த ஒரு பேய்ச் சிறுமி முன்னுக்கு வருகிறாள். சிறுமி நம்மிடம் கேட்பது ஒரு பொம்மை. கொடுத்துவிடலாம். மேரி கிங்கைப் புரிந்துகொள்ள அதைவிட அதிகம் தேவைப்படும்.

இது எடின்பரோவுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. அமெரிக்கத் தெற்கின் பேய் உலாக்களை ஆராய்ந்து வரலாற்றாசிரியர் டையா மைல்ஸ் 2015இல் ஒரு நூல் எழுதினார். சவானா நகரத்து மாளிகை ஒன்றில் மோலி என்ற அடிமைப் பெண்ணின் ஆவி இருப்பதாகச் சொன்னதைக் கேட்டு ஆவணங்களைத் தேடியவருக்கு, அப்படி ஒரு பெண் வாழ்ந்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. எசமானரின் பாலியல் வன்முறை அங்கே காதல் சோகமாகப் பரிமாறப்பட்டது. கறுப்பினப் பெண்களின் வாழ்வு சுற்றுலாவுக்கேற்ற பேயாகச் சமைக்கப்படுவதை மைல்ஸ் காட்டுகிறார். லண்டனில் ஜாக் தி ரிப்பரின் பெயரால் நடக்கும் உலாக்களுக்கு மறுமொழிபோல ஹேலி ரூபன்ஹோல்ட் 2019இல் எழுதிய நூல் கொலைகாரனை விட்டுவிட்டு ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் சொன்னது. இந்த இருவரிடமிருந்தும் கற்றுக்கொண்டது இதுதான்: எப்படிச் செத்தாள் என்று தொடங்கும் கதையை எப்படி வாழ்ந்தாள் என்று திருப்பினாலே அதில் பாதிப் பேய் போய்விடும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். என்னோடு உலா வந்த ஒரு தோழி கேட்டாள்: "இந்தக் கூத்தும் இல்லாவிட்டால் ஆக்னஸ் சாம்ப்சன் பெயரை யார் சொல்வார்கள்?" நியாயமான கேள்வி. நானே அந்தப் பெயரை முதலில் கேட்டது ஓர் உலாவில்தான். நூலகத்துக்குப் போக வைத்ததும் அதுதான். இன்னொன்றும் உண்டு. அறிமுகமில்லாத நகரத்தின் இருட்டுச் சந்துகளில் இரவு பத்து மணிக்கு நான் பயமில்லாமல் நடந்தது, பேய்களைத் தேடிப் போன அந்தக் கூட்டத்தோடுதான். பெண்கள் உயிருள்ள ஆண்களுக்குப் பயந்து நடக்காத தெருக்களில் செத்தவர்களின் துணையோடு நடக்க முடிகிறது. என் உடலுக்கு அது தந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஊரின் வாய்மொழிக் கதை மரபுக்கும் மதிப்புண்டு. ஆவணங்கள் ஆட்சியாளர்களின் கையில் இருந்தபோது, நடந்ததைத் தலைமுறை தாண்டிக் கடத்தியதில் பேய்க்கதைகளுக்கும் பங்குண்டு.

ஆகவே உலாவை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நினைவுகூர்தல் என்றால் என்ன என்பதற்கு அதே தெருவில் வேறு விடைகளும் இருக்கின்றன. கோட்டை வாசலருகே ஒரு சுவரில் சிறிய வார்ப்பு நீரூற்று இருக்கிறது. சூனியக்காரிகளின் கிணறு என்று பெயர். 1894இல் ஜான் டங்கன் என்ற கலைஞர் பேட்ரிக் கெடஸுக்காக வடிவமைத்தது. பின்னாளில் 1914-15இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகரமைப்பு அறிக்கைகள் எழுதினாரே, அதே கெடஸ். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். ஆனால் அதன் பலகை, கொல்லப்பட்டவர்களில் சிலர் தங்கள் அறிவைத் தீமைக்குப் பயன்படுத்தியவர்கள், சிலர் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறது. கொன்றவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

பிரின்சஸ் தெருப் பூங்காவில் நடக்கும்போது ஆண்களுக்கும் ஒரு கரடிக்கும் சிலை இருக்க, பெயர் சொல்லும்படி ஒரு பெண்ணுக்குக்கூட இல்லை என்று கவனித்த வழக்கறிஞர் கிளேர் மிட்செல், ஸோயி வெண்டிட்டோஸி என்ற எழுத்தாளருடன் சேர்ந்து 2020 மகளிர் தினத்தன்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். மூன்று கோரிக்கைகள்: தண்டிக்கப்பட்டவர்களுக்குச் சட்டப்படியான விடுவிப்பு, குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரிடமும் அரசின் மன்னிப்பு, ஒரு தேசிய நினைவிடம். 2022 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையும் மன்னிப்புக் கேட்டது. செத்தவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இலக்கணம். எழுவாய் திரும்ப வந்துவிட்டது. "எரிக்கப்பட்டார்கள்" என்பது "எரித்தோம்" என்றாயிற்று.

கடைசியாக ஒரு கல்லறை. கிரேஃபிரையர்ஸ் தேவாலயத் தோட்டத்தில் சர் ஜார்ஜ் மெக்கன்சியின் மண்டபம் இருக்கிறது. 1679இல் கைதான கவனன்டர்களைத் துன்புறுத்தியதற்காக 'ரத்த மெக்கன்சி' என்று பெயரெடுத்த அரசு வழக்கறிஞர். 1691இல் இறந்தவர். 1990களின் இறுதியில் யாரோ அந்தக் கல்லறைக்குள் நுழைந்ததாகச் சொல்லப்பட்டதிலிருந்து, அங்கே போகிறவர்களைக் கீறியும் தள்ளியும் துன்புறுத்தும் ஆவி அவர் என்று உலாக்கள் நடக்கின்றன. நகரத்தின் மிக மூர்க்கமான பேய் என்று விளம்பரம்.

அந்த மெக்கன்சி 1678இல் ஸ்காட்லாந்துக் குற்றவியல் சட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், தாம் இளம் நீதிபதியாக இருந்தபோது சூனியத்தை ஒப்புக்கொண்ட பெண்களை விசாரிக்கப் போனதைச் சொல்கிறார். அவர்களில் ஒருவர் தனியாக ஒரு ரகசியம் சொன்னாராம். தான் குற்றவாளி அல்ல என்றார். கூலி வேலை செய்து சாப்பிடுகிற ஏழை. சூனியக்காரி என்று பெயர் கெட்டுவிட்டது. இனி யாரும் சோறு தரமாட்டார்கள், தங்க இடம் தரமாட்டார்கள். அடிப்பார்கள், நாயை ஏவிவிடுவார்கள். பட்டினி கிடந்து சாவதைவிட இப்போதே போய்விடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன் என்றார். மண்டியிட்டு, கடவுளைச் சாட்சிக்கு அழைத்து, தேம்பி அழுதார் என்று மெக்கன்சி எழுதுகிறார். அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. அவரைச் சற்று மட்டமாகத்தான் குறிப்பிடுகிறார். ஆனாலும் அவர் சொன்னதை எழுதிவைத்தார்.

இரவில் மெக்கன்சியின் கல்லறை வாசலில் நின்று நடுங்குகிற கூட்டத்துக்கு இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓர் ஆணின் ஆவி கீறிய கீறலை கைபேசியில் படமெடுத்துக் காட்டினார்கள். அந்தப் பெயரில்லாத பெண் பயந்தது பேய்க்கு அல்ல, சாத்தானுக்கும் அல்ல. பசிக்கும், ஊராரின் கைக்கும், நாய்களுக்கும். அவர் சொன்ன காரணங்களில் எதற்கும் இருட்டு தேவையில்லை. பகலிலேயே நடந்தவை.

திரும்பி வருவதற்கு முந்தைய நாள் காலை, கூட்டமில்லாத நேரத்தில் மறுபடி அங்கே போனேன். மண்டபத்தின் கதவு பூட்டியிருந்தது. புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். உலாவில் முதல் நாள் இரவு வாய்ப்பூட்டு விளக்கத்துக்காக நிறுத்தப்பட்ட அந்த மாணவியின் நினைவு வந்தது. விளக்கம் முடியும் வரை சிரித்துக்கொண்டே நின்றவள், கூட்டத்துக்குத் திரும்பி வந்ததும் தன் தாடையைக் கையால் தடவிக்கொண்டாள். அவள் தலையில் எதுவும் மாட்டப்படவில்லை. வழிகாட்டி காற்றில்தான் காட்டினார். அப்போது நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் சிரித்துக்கொண்டிருந்தேன்.